ஓர் உறையில் இரண்டு வாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலோனா நகரில் இருந்தபோது இரண்டு ஆண்டுகள் பழைய இத்தாலிய வாள்வீச்சு பழகியதாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சச்சரவு. இரண்டு கையிலும் வாள் வைத்திருப்பவன் ஒற்றை வாள்காரனை எளிதாக வென்றுவிடுவான், ஒன்றுக்கு இரண்டு அடி விழுமே என்கிறான் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன். ஜப்பானின் வாள்வீரர் முசாஷி இரண்டு வாளால்தான் தன் எதிராளி கோஜிரோவைக் கொன்றார் என்று சாட்சிக்கும் ஆள் பிடித்து வைத்திருக்கிறான். அப்படியானால் எல்லாப் படைகளும் ஆளுக்கு இரண்டு வாள் கொடுத்திருக்குமே என்பது என் வாதம். இதெல்லாம் சினிமாவுக்காகச் செய்த ஜோடனையா, உண்மையிலேயே இப்படிச் சண்டையிட்டார்களா?

மு.செ., ஈரோடு

அன்புள்ள மு.செ.,

சண்டையிட்டார்கள். உங்கள் வாதம் பாதி சரி, உங்கள் மகனுடையது கால்வாசி சரி. முசாஷி விஷயத்தில் மட்டும் அவன் சொல்வது முழுத் தவறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவனைச் சுவரோரம் நிறுத்துங்கள். வலது தோள் சுவரைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நின்று, வலது கையை முழுதாக நீட்டி, விரல் நுனி சுவரைத் தொடுகிற இடத்தில் கால்களை ஊன்றிக்கொள்ளட்டும். இப்போது பாதங்களை நகர்த்தாமல் மார்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். வலது விரல் சுவரை எட்டாது. கிட்டத்தட்ட ஒரு சாண் குறையும். தோளின் அகலத்தில் பாதியைத் தொலைத்துவிட்டோம் அல்லவா, அந்த ஒரு சாண்தான் இரண்டாவது வாளுக்கு நாம் கொடுக்கும் விலை.

16-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் நீண்ட மெல்லிய வாளுக்கு, அதாவது ரேப்பியருக்கு, இந்த விலை மிக அதிகம். அதன் அலகு மட்டுமே ஏறத்தாழ ஒரு மீட்டர். எடை ஒரு கிலோவைத் தாண்டும். வீசி வெட்டுவதைவிட நீட்டிக் குத்துவதில்தான் அதன் உயிர். யார் எட்டித் தொடுகிறார் என்பதே அங்கே கணக்கு. ஒற்றை வாள்காரர் பக்கவாட்டில் மெலிந்து நிற்பார். இரட்டை வாள்காரர் இடது கையையும் வேலை வாங்கியாக வேண்டும். அதனால் மார்பைத் திறந்துகொண்டு நிற்பார். எட்டும் தூரமும் குறைகிறது, குத்து வாங்கும் பரப்பும் கூடுகிறது.

அப்படியானால் லாபம் என்ன? உங்கள் மகன் நினைக்கிற 'ஒன்றுக்கு இரண்டு அடி' இல்லை. எதிராளியிடம் இருப்பது ஒரே அலகு. அதை என் ஒரு வாள் பிடித்து அழுத்தி ஓரம்கட்டும் அதே நொடியில் இன்னொரு வாள் குத்துகிறது. ஒற்றை வாளில் இதையே செய்ய வேண்டுமானால், தடுப்பும் குத்தும் ஒரே அசைவாக அமையும்படி கோணத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் கை பழக வேண்டும். பழகாதவருக்குத் தடுப்பது ஒரு வேலை, குத்துவது இன்னொரு வேலை. இரண்டாவது வாள் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் முடித்துத் தருகிறது. உங்கள் மகனுக்கு நான் கொடுத்த கால்வாசி இதற்காகத்தான்.

இதைத் தெளிவாக எழுதிவைத்தவர் இத்தாலிய வாள்வீச்சு ஆசிரியர் ஜாக்கோமோ தி கிராஸி. 1570-இல் வெனிஸில் அச்சான அவர் நூலில் இரட்டை வாளுக்குத் தனிப் பகுதியே உண்டு. இரண்டு வாள்களும் ஒரே நேரத்தில் மேலிருந்து வெட்டலாம், கீழிருந்து வெட்டலாம், குத்தலாம். தாக்குவதற்கென்றே பிறந்தவைபோல் தோன்றும் என்று ஆசைகாட்டிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அப்படிச் செய்யாதே, பேராபத்து என்கிறார். ஒன்று தாக்கினால் மற்றொன்று காக்க வேண்டும். இடது கை வலதுக்குச் சமமாகப் பழகாதவர் இந்தப் பக்கமே வரவேண்டாம், ஏமாந்துபோவார் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். அந்த வரியைப் படித்தபோது, நாலு நூற்றாண்டுக்கு முன்பே என்னைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

நான் சோற்றுக்கைப் பழக்கம்தான். முதல் மாதம் என் இடது வாளுக்கு எதிரி என் வலது வாள். இரண்டும் ஒரே நீளம். குறுக்கே வரும்போதெல்லாம் முன்னதன் அலகில் பின்னது போய் 'டங்' என்று முட்டும். அந்தச் சத்தம் கேட்டதுமே எதிரே நிற்பவர் குத்திவிடுவார், அதற்கென்றே காத்திருப்பதுபோல. இடது கையில் குறுவாளை வைத்துக்கொண்டபோது இந்தத் தொல்லை இல்லை. நீளம் குறைந்ததால் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றது. அக்காலத்து இத்தாலியர் இடுப்பில் ஒரு நீண்ட வாளும் ஒரு குறுவாளுமாகத் திரிந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பது நம் பழமொழி. இத்தாலியர் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். இரட்டை ரேப்பியர்களின் கைப்பிடிக் காப்பை உட்பக்கம் தட்டையாக அடித்து, இரண்டையும் ஒட்டிவைத்து ஒரே உறையில் செருகினார்கள்; தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வாள்தான் தெரியும். அப்படிப்பட்ட ஜோடிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் தெருச்சண்டைக்கோ போருக்கோ பயன்பட்டவை அல்ல இவை. இது போரில் பயன்படாத ஆயுதம், பயிற்சிக்கூடத்துக்கும், ஒருவருக்கு ஒருவர் மோதும் துவந்த யுத்தக் களத்துக்கும் உரியது என்று தி கிராஸியே சொல்கிறார். நெருக்கமாக நிற்கும் படை வரிசையில் இடது கைக்குக் கேடயம் வேண்டும், அல்லது இரண்டு கையும் ஈட்டியைப் பிடிக்க வேண்டும். உங்களுக்குக் கொடுத்த பாதி இதற்கு.

அந்தத் துவந்த யுத்தக் களத்திலும் இருவருக்கும் ஒரே வகை ஆயுதம் என்பதே வழக்கம். ஆகவே இரண்டு வாளை எதிர்த்து நின்றவர் கையிலும் பெரும்பாலும் இரண்டு வாளே இருந்திருக்கும். போலோனா மரபின் பெரிய ஆசிரியர் அகில்லே மரோட்சோ 1536-இல் வெளியிட்ட நூலில் இரட்டை வாளைக் கற்றுத்தருவதும் இப்படித்தான், இரண்டுக்கு இரண்டு. நீங்களும் மகனும் மல்லுக்கு நிற்கும் 'இரண்டா, ஒன்றா' கேள்வி அன்றைக்கு அபூர்வமாகத்தான் எழுந்திருக்கும்.

இனி முசாஷி. 1612-இல் கன்ரியூ தீவில் கோஜிரோவை அவர் வீழ்த்தியது இரண்டு வாளால் அல்ல. ஒரே ஒரு மரவாள். படகின் துடுப்பைச் செதுக்கிச் செய்தது என்பது மரபுக்கதை. கோஜிரோவின் வாள் வழக்கத்தைவிட நீளமானது என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முசாஷி எடுத்தது இன்னொரு வாளை அல்ல, நீளத்தை. மறுபடியும் அந்தச் சாண் கணக்குதான்.

அவர் இரட்டை வாள் மரபை நிறுவியவர் என்பது உண்மை. குமமோதோவுக்கு அருகே ஒரு குகையில் 1643-இல் எழுதத் தொடங்கி, 1645-இல் இறப்பதற்குச் சற்றுமுன் முடித்த நூலில் காரணமும் சொல்கிறார். குதிரைமேல் இருக்கும்போது, சேற்று வயலில், கல்லும் முள்ளுமான பாதையில், கூட்டத்தில் இரண்டு கையாலும் ஒரே வாளைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நீண்ட வாளை ஒற்றைக் கையால் ஆளப் பழகு, அதற்காகவே இரண்டு கையிலும் வாள் எடு என்கிறார். சாமுராய் இடுப்பில் எப்படியும் இரண்டு வாள் இருக்கும். ஒன்றை உருவாமலே சாவது வெட்கம் என்பது இன்னொரு காரணம். ஒரு கையால் வெட்ட முடியவில்லையென்றால் இரண்டு கையாலும் பிடித்து வெட்டு என்றும் அதே நூலில் எழுதியிருக்கிறார். இதைப் படிக்காமல் முசாஷி பக்தர்களாக இருப்பவர்களே அதிகம்.

இன்றைய கெண்டோ என்னும் ஜப்பானிய வாள்வீச்சு விளையாட்டிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. வயது வந்த ஆண்களுக்கு ஒற்றை மூங்கில் வாள் 120 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். இரண்டு எடுத்தால் நீளமானது 114, குட்டையானது 62, அதற்கு மேல் கூடாது.

சரி, இரண்டும் ஒன்றும் மோதினால்? இருவரும் கற்றுக்குட்டிகள் என்றால் இரண்டு வாள் வெல்லும். இத்தனை அலகு எதிரே நீளும்போது புதியவருக்குக் கை ஓடாது. இருவரும் நடுத்தரம் என்றால் என் பணத்தை ஒற்றை வாள்மேல் வைப்பேன். போலோனாவில் என்னைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தவர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், என்னைவிடக் குள்ளமான பெண்மணி. வலது கையில் ஒரு வாள். இடது கை வெறுங்கை, தடித்த தோல் உறை மாட்டியது. என் நெஞ்சுக்கு அவர் குறிவைத்ததே இல்லை. முன்னால் நீளும் என் மணிக்கட்டை நுனியால் தொடுவார். நான் அந்தக் கையை இழுத்துக்கொண்டதும் மற்றக் கை தானாக முன்னால் வரும். அதையும் தொடுவார். பொறுமையிழந்து இரண்டு வாளோடும் நான் பாய்ந்தால், ஒன்றை அந்தத் தோலுறைக் கையால் புறந்தள்ளி, மற்றதைத் தன் வாளால் அடக்கிவிடுவார். வெறுங்கை என்றேன் அல்லவா, அந்தக் காலத்தில் அதுவும் ஒரு ஆயுதம்தான்.

உங்கள் மகனின் சுவர்ச் சோதனையில் எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். எனக்கு 19.