அம்மாவிடம் ஏன் மறைக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 29. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான்கு வயதில் ஒரு பெண், இன்னும் தாய்ப்பால் குடிக்கும் ஒன்றரை வயதுப் பையன். நிமோனியா வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் இருமல் நிற்கவில்லை. இரண்டு போர்வையை அலசினாலே மூச்சு வாங்கி, துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அம்மாவிடம் வெறும் சளி என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இரத்த அழுத்தம். அண்ணியும் என்ன நினைப்பாரோ. போனில் பேசும்போது இருமல் வந்தால் போனைக் கையால் பொத்திக்கொள்வேன். அரையாண்டு விடுமுறைக்கு அண்ணன் மகனும் இங்கே வந்திருக்கிறான். தெம்பு வர என்ன சாப்பிடலாம்? பையனுக்குப் பால் கொடுக்கலாமா?

பதில்: பால் கொடுக்கலாம், சகோதரி. நிமோனியாவிலிருந்து தேறிவரும் தாய் பாலை நிறுத்த வேண்டியதில்லை. இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டில் மந்திரம் எதுவும் கிடையாது. முட்டை, பருப்பு, மீன், கீரை ஆகியவற்றை வேளை தவறாமல், பிள்ளைகள் வைத்த மிச்சமாக அல்லாமல் உங்களுக்கென்று தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் கேட்ட கேள்வி அன்று. போனைப் பொத்தும் அந்தக் கை. ஐந்து நாள் நீங்கள் மருத்துவமனையில் கிடந்தது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய பெற்ற தாய்க்குத் தெரியாது. இதைத் தியாகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அம்மாவின் இரத்த அழுத்தத்தை முதல் காரணமாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அண்ணியையும் சொல்கிறீர்களே, அதுதான் உண்மையான காரணம். அந்த அண்ணி தன் மகனை உங்களிடம் விட எவ்வளவு யோசித்தார்? யோசித்திருக்கவே மாட்டார்; யோசிக்க வேண்டிய செய்தி எதையும் நீங்கள் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன் நிமோனியாவில் படுத்திருந்தவளின் வீட்டுக்கு விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பும் அளவுக்கு அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். நீங்கள் சொன்ன பொய்தான் மூன்றாவது குழந்தையாக உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய்வீட்டில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் இடம் என்று யார் சொன்னது? மகள் படுத்தால் வந்து நிற்பது தாயின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய விடாமல் தடுப்பதற்கு மகளுக்கு உரிமை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். நாளை பக்கத்து வீட்டு அக்கா வாயிலாக இது தெரியவரும் நாளில் உங்கள் அம்மாவின் இரத்த அழுத்தம் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? உங்கள் கணவரையும் நான் விடுவதாக இல்லை. மைத்துனர் மகன் பையோடு வந்து இறங்கியபோது, உண்மை தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லை.

இனி உடம்பைப் பற்றி. நிமோனியாவில் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்துவிடுகின்றன. காய்ச்சல் விட்ட அன்றே அவை பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. பொதுவாக நெஞ்சுவலியும் சளியும் தணிய 4 வாரம், இருமலும் மூச்சிரைப்பும் குறைய 6 வாரம் ஆகும்; அசதி 3 மாதம் வரை நீடிக்கலாம், முழுமையாகத் தேறச் சிலருக்கு 6 மாதம்கூட ஆகும். அதாவது உங்களுக்கு இன்னும் பல வாரங்களுக்கு ஆள்துணை வேண்டும், அதை எந்தச் சத்துமாவும் ஈடுசெய்யாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது நம் நாட்டில் அவசியம். அரசு மருத்துவமனையில் அது இலவசம். இந்த வாரமே போய்வாருங்கள். காய்ச்சல் திரும்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, சளியில் இரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. நடக்க முடியாவிட்டால் 108. பையனுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணி போடும் பழக்கமும் கொசுவர்த்திச் சுருளும் இருந்தால் இரண்டையும் நிறுத்திவிட்டு வலை கட்டுங்கள். அந்தப் புகை உங்களுக்கும் ஆகாது, அவனுக்கும் ஆகாது.

பிள்ளைகளுக்கு இருமலோ காய்ச்சலோ வந்தால், அவர்கள் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ தாமதிக்கக் கூடாது. நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று இருக்கிறது. இருவரின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள், விடுபட்டிருந்தால் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்று உங்கள் கணவர் வேலைக்குக் கிளம்புவதற்குள், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். முதல் வாக்கியத்திலேயே நிமோனியா என்று சொல்லுங்கள். இருமல் வந்தால் வரட்டும், பொத்தாதீர்கள். அண்ணன் மகனை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அழைத்துப் போகவும், அதே பேருந்தில் அம்மா ஒரு மாதத்துக்கான துணிமணிகளோடு வந்து இறங்கவும் கேளுங்கள். அண்ணியிடமும் நீங்களே பேசுங்கள். அம்மா வந்து சேரும் வரை துணி துவைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, பையனைக் குளிப்பாட்டுவது மூன்றும் கணவருடையவை. ஷிப்ட் எதுவானாலும் சரி.