வீட்டுக்கு வந்த பிறகு

சென்ற இதழில் தலைக்காயம் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார், இனி என்ன செய்வது?" என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கிறார்கள். அடிபட்டவர்களை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். தலையில் அடிபட்ட ஒருவனுக்கு அக்காவும்கூட. இரண்டு இடத்திலும் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநர். எட்டு மாதம் முன்பு மாதவரம் பக்கம் பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடி. பதினெட்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார். பார்க்க வருகிறவர்கள் "நல்லாத்தானே இருக்கார்" என்கிறார்கள். ஆனால் காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் மதியம் வரை அப்படியே இருக்கிறார். குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்கிறார். மகள் ஸ்பூனைக் கீழே போட்டால்கூடக் கத்துகிறார். போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். முன்பு அதிர்ந்து பேசாத மனிதர். நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று மாமியார் சொல்கிறார். அலுவலகத்திலோ விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது அம்மா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: அன்புள்ள தங்கைக்கு, இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் கவனிப்பில் குறை இருந்தால் உங்கள் கணவர் இன்று நடந்துகொண்டிருக்க மாட்டார். அவருக்கு அடிபட்டிருக்கும் இடம் அப்படி.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்குக் கீழே உள்ள எலும்பு மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடாக இருக்கும். தலையின் எந்தப் பக்கம் மோதினாலும் மூளை உள்ளே வழுக்கி, அந்த எலும்பில் உரசிக் காயப்படுகிறது. ஒரு வேலையைத் தொடங்குவது, கோபம் வரும்போது ஒரு கணம் நிறுத்திக்கொள்வது, இரண்டையும் கவனிக்கிற பகுதி அது. உங்கள் கணவர் ஓட்டுநர் என்பதால் அவர் பாஷையிலேயே சொல்கிறேன். இன்ஜின் ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. அவர் சொல்லும் "அப்புறம்" சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. வெளியில் இருந்து யாராவது தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் எனக்கு வீட்டில் புரியவில்லை. 2002இல் என் தம்பி ஓடும் பஸ்ஸின் படிக்கட்டில் இருந்து விழுந்தான். 29 வயது. திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. ஒன்றரை மாதம் கழித்து, "நல்லா இருக்கான், கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இனி அவன் எப்படி நடந்துகொள்வான் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகலில் வார்டில் மற்றவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நான், இரவில் வீட்டுக்கு வந்து அவனைச் சோம்பேறி என்று திட்டினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

வழி கண்டுபிடித்தது என் அம்மா. 2003 கோடையில் சென்னை தண்ணீருக்குப் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வரும். அம்மா நான்கு பச்சைக் குடங்களை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, "இது உன் வேலை" என்றார். முதல் வாரம் கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் அவனை நிற்க வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அடுத்த வாரம் மூன்றாவது வீட்டு மாமி, "எனக்கும் ஒரு குடம் பிடிச்சுக் குடுப்பா" என்று தன் குடத்தையும் கொடுத்தார். அப்புறம் தெருப் பையன்கள் வாசலில் வந்து, "அண்ணே, லாரி வந்துடுச்சு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் பத்துத் தரம் "குளி" என்று சொன்னாலும் அசையாதவன், லாரி ஹாரன் கேட்டால் எழுந்துவிடுவான். அவனுக்கு உள்ளே எடுக்காத செல்ஃப், அந்தச் சத்தத்தில் எடுத்தது. அவன் போகாவிட்டால் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வேலை வேண்டும். சின்னதாக இருக்கட்டும், தினமும் ஒரே நேரத்தில் வரட்டும், யாருக்காவது நிஜமாகவே தேவைப்படுகிற வேலையாக இருக்கட்டும். உங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர் யாராவது கட்டாயம் இருப்பார். காலை எட்டு மணிக்கு அவர் வாசலில் வந்து, "வாங்கண்ணே, கண்ணாடியைத் துடைச்சுக் குடுங்க" என்று கூப்பிடட்டும். கூப்பிடுகிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். உங்கள் குரலை அவர் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆட்டோவைத் துடைப்பது சரி, ஓட்டக் கூடாது. நரம்பியல் மருத்துவர் சம்மதிக்கும்வரை பைக் சாவியும் அவர் கண்ணில் பட வேண்டாம்.

குளியலுக்கும் இதே வழிதான். "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "அப்புறம்" என்றுதான் பதில் வரும். வெந்நீரை எடுத்து வைத்துவிட்டுத் துண்டை அவர் கையில் கொடுத்து, "வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். குளித்து முடித்த பிறகு சட்டை. மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் நடக்காது.

கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் மூளை களைத்துப்போன சாயங்காலத்தில், டிவி ஓடி, குக்கர் விசிலடித்து, குழந்தை பாடம் படிக்கிற நேரத்தில் வரும். மதியம் ஒரு மணி நேரம் இருட்டறையில் படுக்க வைத்தாலே பாதி குறையும். கத்த ஆரம்பித்தால் நியாயம் பேசாதீர்கள். டிவியை அணைத்துவிட்டு மகளோடு பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். எந்த வீட்டுக்குப் போவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். மகளிடம், "அப்பாவுக்கு அடிபட்டதால இப்படி வருது, உன் மேல தப்பு இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவள் அதைக் கேட்கக் காத்திருப்பாள். அவர் கை ஓங்கினால் மட்டும் பொறுத்துப் போக வேண்டாம். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

வலிப்பு வராமல் இருக்க அவருக்கு லெவெடிரசிட்டாம் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று சீட்டில் பாருங்கள். சிலருக்கு அந்த மாத்திரையே எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். அப்படி இருந்தால் மருத்துவரால் வேறு மருந்துக்கு மாற்ற முடியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

இன்னொன்று, யாரும் கேட்காத கேள்வி. காபித்தூள் டப்பாவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொல்லுங்கள். தலையில் அடிபடும்போது மூக்கில் இருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்பிழைகள் அறுந்து, வாசனையே தெரியாமல் போவது உண்டு. என் தம்பிக்கு அப்படித்தான். கேஸ் கசிந்து வீடெல்லாம் நாறியபோது அவன் அடுப்பங்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அன்று முதல் ரெகுலேட்டரை மூடாமல் அம்மா வாசலைத் தாண்டியதில்லை.

அலுவலக விஷயம். விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உறவுக்காரர் யார் வற்புறுத்தினாலும் போடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4) இருக்கிறது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியாகிவிட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. ஓட்டுநர் வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். இதை மேற்கோள் காட்டி மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மாற்றுத்திறனாளிச் சான்று வேண்டும். சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனியாக ஒன்று கிடையாது. கை கால், பேச்சு, மனநலம் என்று பிரித்துத்தான் மதிப்பிடுவார்கள். நடக்கிறவர் என்பதால், "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. மறதி, கோபம், எதையும் தொடங்க முடியாமை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி எடுத்துப்போய், மனநல மருத்துவரின் மதிப்பீடும் வேண்டும் என்று கேளுங்கள். சிகிச்சைக்குக் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதத்தில் நீங்கள் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரி இல்லை. வாரத்தில் ஒரு அரை நாள் மாமியாரோ மைத்துனரோ அவரைப் பார்த்துக்கொள்ளட்டும். மனசு தாங்காத ராத்திரியில் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. என் பழைய தம்பி முழுசாகத் திரும்பி வரவில்லை தங்கச்சி. ஆனால் நான்காவது வருடம் அரை நாள் பைண்டிங் வேலைக்குப் போனான். எட்டு மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

*

கேள்வி: 23 வயது மகனுக்குத் தலையில் ஆபரேஷன். மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் தெரிகிறது. பயமாக இருக்கிறது. வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கலாமா?
- ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: அம்மா, எலும்பு பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது. வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்கத்தான் அதை எடுத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்ப வைப்பார்கள். அதுவரை மண்டையில் எலும்பு எடுத்த பக்கம் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். கட்டிலை விட்டு இறங்கினால் தலைக்கவசம் போடட்டும். அந்த இடம் புடைத்து இறுகினாலோ, வாந்தி, காய்ச்சல், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்று ஏதாவது வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாவியால் பலன் இல்லை. வலிப்பு வந்தால் மண்டையில் எலும்பு எடுக்காத பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது, உங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

*

கேள்வி: அடிபட்டுத் தேறி வரும் தங்கையைப் பங்குனித் திருவிழாவுக்கு, அறுபத்து மூவர் அன்று அழைத்துப்போக ஆசை. போகலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: இந்த வருடம் வேண்டாம். அந்தக் கூட்டமும் மேளமும் ஒலிபெருக்கியும் அவளை மூன்று நாளைக்குப் படுக்க வைத்துவிடும். சாதாரண நாள் ஒன்றில் கோயில் நடை திறந்த உடனே கூட்டிப்போங்கள். குளக்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

*

கேள்வி: சைதாப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருக்காரர் ஒருவர், பள்ளி வாத்தியார், தலையில் அடிபட்டுத் தேறியவர். காலையில் பச்சைப் பாக்கெட் பால் வாங்குவார். அரை மணி நேரத்தில் திரும்ப வந்து கேட்பார், அப்புறம் மறுபடியும். நான் கொடுத்தால் அவர் வீட்டம்மா வந்து, "ஏமாத்தி விக்கிறீங்களா" என்று சண்டை போடுகிறார். கொடுக்காவிட்டால் அவர் கோபப்படுகிறார். மனுஷன் எனக்கு அடுத்தவர் இல்லை, என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.
- ஒரு கடைக்காரர்

பதில்: அண்ணாச்சி, இவ்வளவு தூரம் யோசித்து எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் மருந்தகம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும்விட உங்கள் கடைக்குத்தான் அதிகம் வருகிறார்.

உங்களிடம் இருக்கிற கடன் நோட்டு மாதிரி ஒரு சின்ன நோட்டு அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், பேனாவோடு. பால் வாங்கியதும் தேதி, மணி, "பால் 1" என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். அவர் திரும்ப வந்தால், "இப்பதானே வாங்கினீங்க" என்று சொல்லாதீர்கள். வாங்கியது அவர் நினைவில் இல்லை, அதனால் அந்தப் பேச்சு அவர் காதில் பொய்யாகத்தான் விழும். "சார், நோட்டைப் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். தன் கையெழுத்தை அவர் நம்புவார். வீட்டம்மாவிடம் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டையும் வராது. அந்த அம்மாவின் கோபம் உங்கள் மேல் வந்த கோபம் இல்லை, தூக்கமில்லாத கோபம்.

கடையில் கூட்டம் இருக்கும்போது அவரிடம் கணக்குப் பேச வேண்டாம். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள், ஆள் குறைந்த பிறகு பேசலாம். சில்லறை எண்ணும்போது தடுமாறினால் நீங்கள் முந்திக்கொண்டு எண்ணாதீர்கள், அவராக எண்ணி முடிக்கட்டும். கணக்கு வாத்தியார் என்கிறீர்கள். பேப்பர் போடுகிற பையனின் மாதக் கணக்கைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பெயர்களை மறப்பவர்கள்கூட பழகிய கூட்டலைச் சரியாகப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவர் போன பிறகு.

பாலை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அவர் நிற்கக்கூடும். அப்போது கடைப் பையனை அனுப்பி, "சார், நானும் அந்தப் பக்கம்தான் போறேன்" என்று கூடவே நடக்கச் சொல்லுங்கள்.