454 எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். வாரத் தேர்வு, பருவத் தேர்வு, நடுவில் மாநில அடைவுத் தேர்வு என்று ஓயாமல் தேர்வுதான். மதிப்பெண்ணை எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றவே பொழுது போய்விடுகிறது. கூட்டத்துக்குப் போனால், 'உங்க பள்ளி சராசரி குறைவு' என்கிறார்கள். குறைவுதான். ஆனால் அதை வைத்து நாளைக் காலை வகுப்பில் என்ன செய்வது? தேர்வால் பாடம் நடத்துவது மேம்படும் என்பது உண்மைதானா?
- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

சராசரியை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுக்க நடந்த 'பராக்' என்ற மாணவர் அடைவு ஆய்வு போன்றவை எந்த மாவட்டத்தில், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று அரசு தெரிந்துகொள்வதற்காக நடத்தப்படுபவை. உங்கள் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி அதில் தேடினால் கிடைக்காது. அவளைப் பற்றிய செய்தி நீங்கள் திருத்திக் கட்டி வைத்திருக்கும் விடைத்தாளில் இருக்கிறது.

603இலிருந்து 257ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். விடை 346. ஒரு பிள்ளை 454 என்றும் இன்னொரு பிள்ளை 356 என்றும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் சைபர்தான் போடுவோம். நானும் இருபது வருடம் அப்படித்தான் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். ஒருநாள் ஒரு பையன், 'சார், பெருசுல இருந்து சின்னதைத்தானே கழிக்கணும்?' என்றான். அப்போதுதான் உறைத்தது. மேலே 3, கீழே 7. அவன் ஏழிலிருந்து மூன்றைக் கழித்து 4 எழுதியிருக்கிறான். அடுத்து ஐந்திலிருந்து பூஜ்யம், 5. பிறகு ஆறிலிருந்து இரண்டு, 4. அவனுக்கென்று ஒரு விதி இருக்கிறது, அதைப் பிசகாமல் பின்பற்றுகிறான். 356 எழுதியவளுக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தில் ஒன்றும் இல்லாததால் நேரே நூறிடம் போய் வாங்கி ஒன்றின் இடத்தில் சேர்த்துவிட்டாள்; பிறகு பூஜ்யத்தில் வந்து தடுமாறி, ஐந்தைக் கழிக்க வழி தெரியாமல் 5 என்றே எழுதிவிட்டாள். இப்படிக் கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பலவும் ஒழுங்கான விதிப்படி வருபவை என்று 1978லேயே பிரௌன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த இருவருக்கும் ஒரே 'மறுபயிற்சி' கொடுத்தால் ஒருவருக்கும் பயன்படாது. அவளிடம் ஆறு நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் (காகிதத்தில் வெட்டியது போதும்) கொடுத்து, 257 ரூபாய் தரச் சொல்லுங்கள். சில்லறைக்கு வழியில்லை. நூறை உடைத்துப் பத்துப் பத்தாக்கி, அதில் ஒரு பத்தை மறுபடி உடைக்க வேண்டும் என்பதைக் கையே சொல்லிக்கொடுக்கும். அவனை 52 - 27 போன்ற சின்னக் கணக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன், 454ஐயும் 257ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 711 வந்ததும் அவன் முகத்தைப் பாருங்கள்.

வேலை அதிகமாகுமோ என்று பயப்படாதீர்கள். கட்டம் போட்ட ஒரு தாள் போதும். இடப்பக்கம் பெயர்கள், மேலே கேள்வி எண்கள். தவறு என்றால் பெருக்கல் குறி வேண்டாம், பிள்ளை எழுதிய விடையையே எழுதுங்கள். ஒரே தவறான விடை பத்து இடத்தில் வந்திருந்தால் நாளைய பாடம் அதுதான். கேள்வியையும் பிழை வெளியே வரும்படி அமைக்க வேண்டும். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். 35 நான்கைவிடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளை அங்கே தெரிந்துவிடும். 0.7, 0.4 என்று கேட்டால் அதே பிள்ளை சரியாகச் சொல்லித் தப்பித்துவிடும்.

திருத்திக் கொடுக்கும்போது மதிப்பெண் போடாமல் குறிப்பு மட்டும் எழுதிப் பாருங்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எண்ணைப் பார்த்ததும் எழுத்தை யார் படிப்பார்கள்?

பாடத்திட்டம் நம் கையில் இல்லை என்பீர்கள். பாடநூல் நம் கையில் இல்லைதான். ஆனால் எதற்கு எத்தனை நாள், எதை முன்னால் எடுப்பது என்பதில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் இடமதிப்பில் சறுக்கினால் தசமத்துக்குப் போவதில் அர்த்தமில்லை. ஒரு வாரம் பின்னால் போய் வாருங்கள். அந்தக் கட்டத்தாளை நான்கு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடமும் காட்டுங்கள். குற்றம் சொல்லும் தொனி மட்டும் வேண்டாம், ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டே பேசலாம்.

2012-13இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே பிள்ளை எப்படிக் கற்கிறது என்று பார்ப்பதற்கு) 40 மதிப்பெண் ஒதுக்கியது இதற்காகத்தான். நம்மில் பலர் அதைப் பருவக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்புகிறோம், அது வேறு கதை. அடுத்த கூட்டத்தில் சராசரியைக் கேட்டால், 'இருபத்தெட்டு பேரில் பதினொரு பேர் பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்கத் தடுமாறுகிறார்கள். இரண்டு வாரம் வேண்டும்' என்பது போல உங்கள் தாளில் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். மாதிரித் தேர்வு மேல் மாதிரித் தேர்வு வைக்கச் சொல்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அந்த ஒரே கணக்கைப் போடுங்கள். 454 எழுதிய பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'எப்படிம்மா போட்டே, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.