காயத்தை ஏன் என்னிடம் மறைத்தாள்?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 39. ஒரே மகள், நான்காம் வகுப்பு படிக்கிறாள். காலையில் அவள் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுவேன். திரும்ப எட்டரை ஆகிவிடும்.

போன மாதம் சைக்கிள் பழகும்போது விழுந்து முழங்காலில் நல்ல அடி. எனக்கு அது நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். அதுவும் அவள் சொல்லித் தெரியவில்லை. சோபாவில் தூங்கிப்போனவளைத் தூக்கிப் படுக்கவைத்தபோது பேன்ட் மேலேறி, பொருக்குத் தட்டிய காயம் கண்ணில் பட்டது. அம்மாவுக்குத் தெரியும், பாட்டிக்கும் தெரியும். "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று இருவரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். மறுநாள் இரவு கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள். "இதுக்குத்தான் சைக்கிளே வேண்டாம்னேன்" என்று இரண்டு வார்த்தை சொன்னேன். அன்றிலிருந்து சைக்கிள் மூலையில் கிடக்கிறது.

நான் அடிப்பதில்லை. கேட்டதை வாங்கித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்குத்தான். ஆனாலும் எதற்கும் அம்மாவைத்தான் பார்க்கிறாள். விடை தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்கத் தயங்குகிறாள் என்கிறார் டீச்சர். "நீங்க வீட்ல இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்கிறாள் மனைவி. சம்பாதிக்கிற மனுஷன் இன்னும் என்னதான் செய்வது?

— ஓர் அப்பா

அன்புள்ள சகோதரருக்கு,

நான்கு நாள் அந்தக் காலை மறைத்துக்கொண்டு நடப்பதற்கு ஒரு குழந்தை எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்! அவளுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். விழுந்ததைச் சொன்னால் நீங்கள் அடுத்து என்ன சொல்வீர்கள் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். நீங்களும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். "வலிச்சுதா?" என்று முதலில் கேட்டிருந்தால் கதை வேறு.

நேரம் இல்லை என்பது உங்கள் பெரிய கவலை. எனக்கு அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் 60 கைக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாஃபர், எமர்சன் என்ற ஆய்வாளர்கள் 1964-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிக நேரம் கூடவே இருந்தவரிடம்தான் குழந்தை ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியவில்லை. அது சிணுங்கும்போது என்ன வேண்டும் என்று புரிந்து ஓடிவந்தவர் யார் என்பது அதைவிட முக்கியமாக இருந்தது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அப்பாவிடமும் ஒட்டிக்கொண்டிருந்தன. உங்கள் மகள் கைக்குழந்தை அல்லதான். ஆனாலும் எட்டரைக்கு வரும் அப்பா எட்டரைக்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்பதுதான் அவளுக்கும் கணக்கு.

மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980களில் அப்பாக்களின் பங்கை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். குழந்தையோடு சேர்ந்து எதையாவது செய்வது, கூப்பிட்டால் கிடைப்பது, அவளுக்கு என்ன தேவை என்று யோசித்துப் பொறுப்பெடுத்துக்கொள்வது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முதல் வகை. மற்ற இரண்டும் பலவீனம் என்று நினைக்கிறேன். இரவு அவள் வந்து பக்கத்தில் நிற்கும்போது உங்கள் கையில் என்ன இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. போன் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். மூன்றாவதை முழுக்க உங்கள் மனைவி சுமக்கிறார். அவர் சொன்ன அந்த வாக்கியத்தில் களைப்பும் இருக்கிறது, அதையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள்.

சரி, என்ன செய்யலாம்? தினமும் செய்கிற ஒரு சின்ன வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்குப் பள்ளிப் பையை அடுக்குவது போதும். அவள் அடுக்கட்டும், நீங்கள் கூட உட்கார்ந்து பென்சில் சீவுங்கள். எதிரே உட்காரவைத்து "இன்னிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். கை ஒரு வேலையில் இருக்கும்போது, யாரும் முகத்தைப் பார்க்காதபோது, பேச்சு தானாக வரும். மார்க் பேச்சை அப்போது எடுக்காதீர்கள். அன்று நீங்கள் அலுவலகத்தில் சொதப்பியது எதையாவது சொல்லுங்கள். அப்பாவும் தப்பு செய்வார், அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வார் என்பது அவளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

முதல் இரண்டு வாரம் "ம்" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காமல் போகலாம். ரோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். ஒருநாள் தவிர்க்க முடியாமல் தாமதமானால் போன் செய்து, "பையை நீயே அடுக்கிடு, நாளைக்கு நான் வந்துடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி வந்துவிடுங்கள்.

வகுப்பில் கை தூக்காததற்கு நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. கூச்ச சுபாவமாகவும் இருக்கலாம். ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம், வீட்டில் தப்பு செய்து பார்த்துத்தான் தெளியும். தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக அழுவது, சாப்பாடு குறைவது என்று ஏதாவது தொடர்ந்தால் மட்டும் ஒரு குழந்தைகள் மனநல நிபுணரை நேரில் பாருங்கள்.

அப்புறம், அந்த சைக்கிள். இத்தனை நாளில் டயரில் காற்று இறங்கியிருக்கும். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, பம்பை அவள் கையில் கொடுங்கள். அவளுக்கு நேரமாகும், பாதிக் காற்று வெளியே போகும். வாங்கி நீங்கள் அடித்துவிடாதீர்கள், சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.