மதுரையை விட்டுக் கிளம்பும் முன்

வணக்கம் சகோ. மூணு வாரத்துல புனேவுக்கு மாற்றல், ரெண்டு பிள்ளைங்க, பார்க்க வேண்டிய இடம் பதினாலு. எதை விடுறதுன்னு கேட்டிருக்கீங்க. பாதியை விட்டுடுங்க. நாங்க கிளம்பினப்போ ஒரே ஞாயிறுல அழகர்கோவில், மகால், காந்தி மியூசியம் மூணையும் முடிச்சோம். சின்னவனுக்கு இப்ப ஞாபகம் இருக்கிறது வண்டியில வாந்தி எடுத்தது மட்டும்தான்.

மீனாட்சி கோயிலுக்கு ராத்திரி பள்ளியறை பூஜைக்குப் போங்க. சுந்தரேஸ்வரர் பாதுகை பல்லக்குல ஏறி அம்மன் சன்னதிக்குப் போகும். மேளமும் சாம்பிராணிப் புகையுமா கூட்டம் பின்னாலேயே நடக்கும். செல்போனை உள்ள விடமாட்டாங்க. நல்லதுதான், பிள்ளைங்க கண்ணால பார்ப்பாங்க.

ஒருநாள் விடியக்காலையில கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்துலயே தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேல பாறையில தீர்த்தங்கரர் சிற்பங்கள். வெயில் ஏறுமுன்ன இறங்கிடுங்க. கீழடி அருங்காட்சியகம் 2023ல திறந்ததுதானே, லீவுக்கு வரும்போது பார்த்துக்கலாம்.

மிச்ச சாயங்காலத்தை உங்க தெருவுக்குக் குடுங்க. பெரியவளை டியூஷன் அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. விளக்குத்தூண் ஜிகர்தண்டாவை மட்டும் காலி பண்ற அன்னைக்கு வச்சுக்காதீங்க. லாரிக்காரர் சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார்.