வேலை கையில் இருக்கும்போதே நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்வது தப்பா?

கேள்வி: ஒரே நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். வேலையை விடும் எண்ணம் இல்லை. ஆனால் பக்கத்துப் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தபோது, நாளைக்கு எனக்கு இப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவேன் என்று யோசித்தேன், ஒரு பெயர்கூட வரவில்லை. 'நெட்வொர்க்கிங் பண்ணு' என்கிறாள் தோழி. காரியத்துக்காக ஒருவரிடம் போய்ப் பழகுவது எனக்குப் பிடிக்கவில்லை. சம்பளம் கொடுக்கும் இடத்துக்குத் துரோகம் செய்வது போலவும் இருக்கிறது.

பதில்: துரோகம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வேலை நேரத்தில் ஒழுங்காக வேலை செய்கிறீர்கள், நிறுவனத்தின் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான் நீங்கள் பட்ட கடன். வெளியில் யாருடன் பேசுகிறீர்கள் என்பது உங்கள் சொந்த விஷயம். உண்மையில், வெளியே நாலு பேரைத் தெரிந்த கணக்காளர் நிறுவனத்துக்கும் நல்லதுதான். புது வரி விதி ஒன்று வந்து எல்லோரும் குழம்பும்போது, மற்ற இடங்களில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஒரு போனில் கேட்டுச் சொல்ல அவரால் முடியும்.

காரியத்துக்காகப் பழகப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். நல்ல குணம், அதை மாற்றிக்கொள்ள வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், காரியம் எதுவும் இல்லாத இந்த நேரத்தில் தொடங்குங்கள். வேலை போன மறுநாள், 6 வருடமாகப் பேசாத ஒருவரைக் கூப்பிட்டு 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால், அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், உங்களுக்கும் நாக்கு எழாது. இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டால் அது வெறும் நலம் விசாரிப்பு. அவரும் நிம்மதியாகப் பேசுவார்.

அப்புறம், ஒரு பெயர்கூட வரவில்லை என்றீர்களே, அதை நான் நம்பவில்லை. அவசரத்தில் யோசித்தால் நெருங்கியவர்கள் முகம் மட்டும்தான் வரும், வேலை விஷயத்தில் அவர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் உதவுகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் இதைப் பற்றி எழுதினார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தச் சமயத்தில் அவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி, அதாவது வாரம் இரண்டு முறையாவது பார்த்தோம் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது பார்த்தோம் என்றவர்கள் பாதிக்கும் மேல், மீதி 28 சதவீதம் பேர் வருடத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோதான் பார்த்தோம் என்றார்கள். அவர் கேட்டது ஐம்பத்துச் சொச்சம் பேரிடம்தான், சின்ன ஆய்வு. ஆனால் காரணம் யோசித்தால் புரியும்: உங்கள் நெருங்கிய தோழிக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும், வேறு வட்டத்தில் இருப்பவர்தான் நீங்கள் கேள்விப்படாத ஒன்றைக் கொண்டுவருவார்.

இதையே, வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து, ஐந்து வருடம் சோதித்துப் பார்த்த முடிவு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதில் தெரிந்த ஒரு நுணுக்கம் உங்களுக்கு முக்கியம். ஓரளவு பழக்கம் உள்ளவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவினார்கள், முகமே தெரியாத அளவுக்குத் தொலைவில் இருந்தவர்கள் அந்த அளவுக்கு உதவவில்லை. அதனால் கண்ணில் படுகிற எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, இன்று ராத்திரி ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். வருடா வருடம் வந்துபோன ஆடிட்டர்கள், அவர்களோடு வந்த ஜூனியர்கள் (அவர்களில் சிலர் இப்போது பெரிய பொறுப்பில் இருப்பார்கள்), கணக்கு மென்பொருளுக்கு போனில் உதவி செய்தவர், வங்கியில் எப்போதும் உங்களிடம் பேசும் அதிகாரி, சப்ளையர் நிறுவனத்தில் பில் பார்ப்பவர், இங்கிருந்து வேலை மாறிப் போன பழைய சகாக்கள். 11 வருடத்தில் இருபது பேராவது தேறுவார்கள். அதில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒருவருக்கு மட்டும் இந்த வாரம் எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'சார், நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதான் இன்னைக்கும் மாசக் கடைசியில பேங்க் கணக்கை ஒத்துப் பார்க்குறேன். இப்ப எங்க இருக்கீங்க, வேலை எப்படிப் போகுது?' இவ்வளவு போதும். உண்மையாக நினைவில் இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், கடைசியில் 'ஒரு சின்ன உதவி' என்று ஒட்டவைக்காதீர்கள்.

அவர் பதில் போட்டால் அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். அவர் ஆள் தேடுகிறார் என்றோ ஏதோ ஒரு சிக்கலில் இருக்கிறார் என்றோ தெரிந்தால், உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைப்பது, ஒரு சுற்றறிக்கையை அனுப்பிவைப்பது, இதெல்லாம் உங்களுக்கு இரண்டு நிமிட வேலை. வருடம் இரண்டு தடவை இப்படிப் பேசினாலே அந்தத் தொடர்பு உயிரோடு இருக்கும்.

கேள்வி: மென்பொருள் துறையில் டெஸ்டராக இருக்கிறேன். லிங்க்ட்இன்னில் எதையாவது மாற்றினால் 'என்ன, கிளம்பப் போறியா?' என்று மேனேஜர் கேட்டுவிடுவாரோ என்று பயம். அதனால் மூன்று வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை.

பதில்: மூன்று வருடம் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் படம், பதவி, அனுபவம் எல்லாவற்றையும் மாற்றினால்தான் கேள்வி வரும். ஒரு பயிற்சி முடித்தால் உடனே சேர்ப்பது, ஒரு பிராஜெக்ட் முடிந்தால் இரண்டு வரி எழுதுவது என்று அவ்வப்போது செய்துவந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாற்றங்களை மற்றவர்களுக்கு அறிவிக்காமல் இருக்கவும் லிங்க்ட்இன்னின் செட்டிங்ஸில் வசதி இருக்கிறது, முதலில் அதைச் சரிபாருங்கள்.

வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' விஷயத்தில் கவனம். அதை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம், உங்கள் நிறுவனத்தின் ஆட்களுக்குக் காட்டாமல் இருக்க முயற்சி எடுப்பதாகவும் சொல்கிறார்கள். ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்லியிருக்கிறது. வேலை தேடவில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் பலர் கோட்டைவிடும் இடம். ஆபீஸ் மெயிலையும் ஆபீஸ் லேப்டாப்பையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அங்கே எதுவும் தனிப்பட்டது இல்லை. வெளியாட்களிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது டெஸ்டிங் முறை, கருவிகள், எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்பதையெல்லாம் தாராளமாகப் பேசுங்கள். வாடிக்கையாளர் பெயர், வெளிவராத பொருள், உள்ளே கண்டுபிடித்த குறை, இவை வாயில் வரக்கூடாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒருதடவை எடுத்துப் படித்துவிடுங்கள். மேனேஜரைப் பற்றிய புலம்பலும் வேண்டாம், கேட்பவர் மனதில் உங்களைப் பற்றித்தான் தப்பான எண்ணம் தங்கும்.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம், வீட்டில் கைக்குழந்தை வேறு. சாயங்காலக் கூட்டம், மாநாடு எதற்கும் போக முடியாது. எனக்கெல்லாம் இது நடக்குமா?

பதில்: நடக்கும். புது ஆட்கள் நிறைந்த கூடத்தில் போய் நிற்பது உங்களுக்கு ஒத்துவராது, விடுங்கள். பழைய தொடர்புகளைப் புதுப்பிப்பது உங்களுக்கு எளிது. பல வருடம் பேசாமல் விட்டுப்போன சகாக்களிடம் வேலை விஷயமாக ஆலோசனை கேட்கச் சொல்லி, மேலாளர்களை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள், 2011இல் வெளிவந்தது. இப்போது பழகிக்கொண்டிருப்பவர்கள் சொல்லாத புது விஷயங்கள் அவர்களிடமிருந்து கிடைத்தன, பழைய நம்பிக்கையும் அப்படியே இருந்தது. எனவே கூச்சப்படாமல் எழுதுங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷப்படுவார்கள். பதில் வராவிட்டால் மறந்துவிடுங்கள், அவரும் வேலையில் மூழ்கியிருப்பார்.

அலுவலகத்துக்குள்ளேயே வேறு பிரிவில் ஒருவரோடு மாதம் ஒருநாள் சேர்ந்து சாப்பிடுங்கள். அதற்கு சாயங்காலம் தேவையில்லை.

கேள்வி: ஒரே ஒரு தடவை சந்தித்த ஒருவர், என் நிறுவனத்தில் தனக்கு ரெஃபரல் போடச் சொல்கிறார், அதாவது வேலைக்குத் தன் பெயரைப் பரிந்துரைக்கச் சொல்கிறார். மறுத்தால் தொடர்பு கெட்டுவிடுமா?

பதில்: அவர் வேலையை நீங்கள் பார்த்ததில்லை என்றால், பார்த்ததாகச் சொல்லாதீர்கள். ரெஃபரலுக்குப் பல நிறுவனங்கள் பணம் தருகின்றன, அந்த ஆசையில் பெயர் போட்டுவிட்டால் அடுத்த தடவை நீங்கள் நல்ல ஆளைச் சொன்னாலும் எச்.ஆர். காதில் ஏறாது. அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: 'உங்க வேலையைப் பத்தி எனக்குத் தெரியாது, அதனால பரிந்துரை எழுத முடியாது. ஆனா அந்தப் பதவிக்கு என்ன எதிர்பார்க்குறாங்கன்னு சொல்றேன், ரெஸ்யூமேயை அனுப்புங்க, பார்த்துக் கருத்து சொல்றேன்.' இதற்குக் கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். ரெஸ்யூமே அனுப்பிவைத்தால், சொன்னபடி அந்த வாரமே படித்துப் பதில் போட்டுவிடுங்கள்.