எஃபேக்களும் ஸெய்பெக்குகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஸெய்பெக்குகளும் ஜானிசரிகளும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. ஜானிசரி ஒட்டோமான் சுல்தானின் சம்பளப் படை. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதை ஒழித்துவிட்டார். ஸெய்பெக்குகள் துருக்கியின் மேற்குக் கரையோரம் அய்தின், இஸ்மிர், முக்லா பகுதி மலைகளில் ஆயுதத்தோடு திரிந்த ஊர்க்காரர்கள்.

கேள்வி: கூட்டத்துக்குள் யார் பெரியவர்?

பதில்: தலைவர் எஃபே. அவருக்குக் கீழே ஸெய்பெக்குகள், புதிதாகச் சேர்ந்த இளவட்டங்கள் கிஸான்கள். எஃபே சொன்னால் மறுபேச்சு கிடையாது. உடையும் தனி: மலையேறத் தோதாக முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை, பூவேலை செய்த குட்டை மேல்சட்டை, தொப்பியைச் சுற்றி ஊசிவேலைப் பூக்கள் தொங்கும் துணி, இடுப்பில் அகலமான தோல் கச்சை. கச்சையில் யத்தகான் என்ற வளைந்த கத்தி செருகியிருக்கும்.

கேள்வி: பணக்காரர்களிடம் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்பது நிஜமா?

பதில்: பாதி நிஜம். 1829இல், ருஷ்யப் போரின் செலவு வரியாக விவசாயிகள் தலையில் விழுந்தபோது, அட்சா ஊரைச் சேர்ந்த கெல் மெஹ்மெத் எஃபே கிளர்ந்தெழுந்து அய்தின் நகரையே பிடித்தார். வரியைக் குறைத்தார். அதனால்தான் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். மறு ஆண்டே அரசுப் படை அவரைக் கொன்றது.

ஓடெமிஷ் பக்கத்து சக்கிர்ஜலி மெஹ்மெத் எஃபேயின் கதை இன்னும் சிக்கலானது. அவருடைய தந்தையும் எஃபே. பொதுமன்னிப்பை நம்பி மலையிறங்கி வந்தவரை அரசின் ஆட்களே கொன்றார்கள். மகன் மலையேறியதற்கு வேர் அங்கே இருக்கிறது. அவரை அடக்க முடியாத அரசு, மன்னித்து ஊர்க்காவல் பொறுப்பே கொடுத்தது. அவரோ மறுபடி மலையேறினார். ஏழைகளுக்கு உதவினார், பாலம் கட்டினார் என்று மக்கள் பாடுகிறார்கள். காட்டிக்கொடுத்தவர்களை ஈவிரக்கமில்லாமல் கொன்றதும் அதே ஆள்தான். 1911இல் நாஸில்லி அருகே சண்டையில் அவர் இறந்தபோது, அடையாளம் தெரியக்கூடாதென்று அவருடைய ஆட்களே தலையை அறுத்து எடுத்துப் போனார்கள். இவரை வெறும் கொள்ளையன் என்று ஒதுக்குவதும் தவறு, மகானாக்குவதும் தவறு. நியாயம் கேட்க ஊரில் இடமில்லாதபோது மக்கள் எஃபேயிடம் போனார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள்.

கேள்வி: துருக்கியின் விடுதலைப் போரில் இவர்கள் பங்கு என்ன?

பதில்: 1919 மே 15இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. அடுத்த மாதமே யொரூக் அலி எஃபேயின் ஆட்கள் சுல்தான்ஹிசார் அருகே மல்காச் ரயில் பாலத்தில் இருந்த கிரேக்கக் காவலைத் தாக்கினார்கள். பிறகு விடுதலைப் போரை நடத்திய அங்காரா அரசு எல்லோரையும் முறையான ராணுவத்தில் சேரச் சொன்னது. யொரூக் அலி சேர்ந்தார். தெமிர்ஜி மெஹ்மெத் எஃபே மறுத்தார். 1920 டிசம்பரில் அவருடைய கூட்டத்தை அங்காராவின் படையே கலைத்தது. தனிப்படையாகவே வாழ்ந்து பழகியவருக்கு அந்த உத்தரவு எவ்வளவு கசந்திருக்கும்!

கேள்வி: ஸெய்பெக் ஆட்டம் ஏன் அவ்வளவு மெதுவாக இருக்கிறது?

பதில்: அதன் அழகே அந்த நிதானம்தான். தாளத்துக்கு ஒன்பது அடி. தவுல் முரசும் ஸுர்னா குழலும் தொடங்கியதும் ஆடுபவர் உடனே ஆடமாட்டார், களத்தைச் சுற்றி நடப்பார். பிறகு தோள் உயரத்தில் கைகளைப் பருந்தின் சிறகாக விரித்து, ஒரு காலை உயர்த்தி நிறுத்தி, முழங்காலைத் தரையில் தட்டி எழுவார். அவசரப்பட்டால் ஆட்டம் கெட்டது. துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்குக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இது. தாமே ஆடவும் செய்வார்.

கேள்வி: கிரேக்கர்களின் ஸெய்பெக்கிகோ ஆட்டத்துக்கும் இதற்கும் உறவு உண்டா?

பதில்: உறவு உண்டு. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தையொட்டி அனதோலியாவிலிருந்து போன கிரேக்க அகதிகள் இந்தத் தாளத்தைப் பிரேயஸ், தெசலோனிகி மதுக்கடைகளில் வேரூன்றச் செய்தார்கள். அங்கும் ஒருவர்தான் ஆடுவார். அவர் ஆடி முடிக்கும்வரை இன்னொருவர் குறுக்கே போவது பெரிய அவமதிப்பு.